பிரேக் விடாமல் பிடிக்கிறதா? வண்டி சூடாக இருக்கும்போதே பாருங்கள்

நமது மஹல்லாவில் இரு சக்கர வாகனம் இல்லாத வீடு மிகக் குறைவு. பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும், கடைக்குச் சரக்கு எடுப்பதும், வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்ப் பிழைப்பதும் அதில்தான் நடக்கின்றன. முன்பு எல்லா வண்டிகளிலும் டிரம் பிரேக் இருந்தது. இன்று பல்சர், அப்பாச்சி, யூனிகார்ன், எஃப்.இசட் போன்ற வண்டிகளிலும் பல ஸ்கூட்டர்களிலும் முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. சில வண்டிகளில் பின் சக்கரத்திலும் டிஸ்க்தான்.

டிஸ்க் பிரேக் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதற்கென்று ஒரு நோய் உண்டு. லிவரை விட்ட பிறகும் பிரேக் முழுதாக விடாது. வண்டியைத் தள்ளினால் கனமாக இருக்கும், சக்கரம் உராய்ந்துகொண்டே ஓடும். "பிரேக் ஜாம்" என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். பிரேக் பிடிக்கவில்லை என்றால் உடனே பயந்து கடைக்கு ஓடுகிறோம். பிரேக் விடவில்லை என்றால் "கொஞ்சம் டைட்டாக இருக்கிறது, போகப் போகச் சரியாகும்" என்று விட்டுவிடுகிறோம். இரண்டும் ஒரே அளவு ஆபத்தானவை. இந்தக் கோளாறை எப்படி அடையாளம் காண்பது, எந்த இடத்தில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை இங்கே விளக்குகிறோம். பழுது பார்ப்பது மெக்கானிக்கின் வேலை. ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

பிரேக் எப்படிப் பிடிக்கிறது, எப்படி விடுகிறது?

ஹேண்டில்பாரில் லிவரை ஒட்டி ஒரு சிறிய டப்பா இருக்கிறது அல்லவா? அதில் பிரேக் ஆயில் இருக்கிறது. டப்பாவுக்கு அடியில் இருப்பது மாஸ்டர் சிலிண்டர். லிவரை இழுத்தால் அதனுள் இருக்கும் பிஸ்டன் ஆயிலைத் தள்ளும். ஆயில் ஹோஸ் வழியாகக் கீழே இறங்கி, சக்கரத்தின் பக்கத்தில் இருக்கும் காலிப்பரின் பிஸ்டனைத் தள்ளும். அது டிஸ்க் பேடை டிஸ்கின்மேல் அழுத்தும். வண்டி நிற்கும்.

பிடிப்பது இவ்வளவுதான். நமக்கு முக்கியம் விடுவது. லிவரை விட்டதும் இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். முதலாவது, மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங் பிஸ்டனை முழுதாகப் பின்னுக்குத் தள்ள வேண்டும். அப்படிப் பின்னுக்கு வந்தால்தான் ஊசி முனை அளவுள்ள ஒரு துளை திறக்கும். அழுத்தத்தில் இருந்த ஆயில் அந்தத் துளை வழியாகத்தான் டப்பாவுக்குத் திரும்பும். இரண்டாவது, காலிப்பர் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல். பிரேக் பிடிக்கும்போது இந்த சீல் சற்று முறுக்கிக்கொள்ளும். விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பி, பிஸ்டனையும் தன்னோடு உள்ளே இழுக்கும். இழுக்கும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதிதான். ஆனால் அது போதும்.

டிஸ்க் பிரேக்கில் பேடைப் பின்னுக்கு இழுக்க டிரம் பிரேக்கில் உள்ளது போன்ற பெரிய ஸ்பிரிங் கிடையாது. ஒரு சிறு துளையையும் ஒரு ரப்பர் வளையத்தையும் நம்பித்தான் பிரேக் விடுகிறது. துளை அடைத்தாலும், ரப்பர் கெட்டாலும், பிஸ்டன் துருப்பிடித்தாலும் பிரேக் விடாது.

ஏன் இது ஆபத்து?

உராய்ந்துகொண்டே ஓடினால் டிஸ்க் சூடாகும். அந்தச் சூடு பேட் வழியாகக் காலிப்பருக்குப் போய் ஆயிலைச் சூடாக்கும். சூடான ஆயில் விரியும். டப்பாவுக்குத் திரும்பும் துளை அடைபட்டிருந்தால் விரிந்த ஆயிலுக்குப் போக இடமில்லை. அது பேடை இன்னும் அழுத்தும். அழுத்த அழுத்தச் சூடு கூடும், சூடு கூடக் கூட அழுத்தம் கூடும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது சாதாரணமாக இருந்த வண்டி பத்துக் கிலோமீட்டரில் இழுக்க ஆரம்பித்து, கடைசியில் முன் சக்கரம் தானாகவே பூட்டிக்கொள்ளக் கூடும். ஓடும் வண்டியில் முன் சக்கரம் பூட்டினால் வண்டியை நிமிர்த்தி வைக்க எவராலும் இயலாது.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. ஆயில் மிகவும் சூடாகிக் கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழிகள் உண்டாகும். ஆவி எளிதில் சுருங்கும். அப்போது லிவரை இழுத்தால் அது கைப்பிடி வரைக்கும் வரும், பிரேக் பிடிக்காது. பிரேக் விடாத வண்டி இப்படித்தான் பிரேக் இல்லாத வண்டியாகவும் மாறுகிறது.

வீட்டிலேயே தெரியும் அறிகுறிகள்

1. சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் வைத்து, சம்பந்தப்பட்ட சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கையால் சுற்றுங்கள். பேட் லேசாக உரசும் சத்தம் சகஜம், பயப்பட வேண்டாம். ஒன்றிரண்டு சுற்றாவது சக்கரம் தானாக ஓட வேண்டும். பிறகு பிரேக்கை நன்றாக நாலைந்து முறை அழுத்தி விட்டு, மறுபடி சுற்றுங்கள். முன்பு சுற்றியது இப்போது உடனே நின்றால் பிரேக் விடவில்லை.

2. ஓட்ட ஓட்ட லிவர் கடினமாகிறதா? கிளம்பும்போது இருந்த சிறிய தொய்வு காணாமல் போகிறதா? இது உள்ளே அழுத்தம் தேங்குகிறது என்பதற்கு முக்கியமான அடையாளம்.

3. பிரேக்கைத் தொடாதபோதும் பின்னால் பிரேக் லைட் எரிகிறதா? லிவரோ பெடலோ முழுதாகத் திரும்பவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். ஓட்டுபவருக்கு இது தெரியாது. பின்னால் வருபவர்தான் சொல்ல வேண்டும்.

4. ஓட்டி வந்து நிறுத்தியதும் ஒரு பக்கத்திலிருந்து கருகிய வாசம், டிஸ்கில் நீல நிறம், மைலேஜ் குறைவு, பேட் சீக்கிரம் தேய்வது. இவையும் சாட்சிகள்தான்.

சூட்டைப் பார்க்க விரலால் டிஸ்கைத் தொடாதீர்கள், தோல் வெந்துவிடும். ஆளில்லாத தெருவில், அந்தப் பிரேக்கை உபயோகிக்காமல் மெதுவாகச் சிறிது தூரம் ஓட்டி நிறுத்துங்கள். டிஸ்கின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர்ரென்று ஆவியானால் பிரேக் உராய்ந்துகொண்டே வந்திருக்கிறது.

பின் சக்கரம் கனமாகச் சுற்றினால் பிரேக்கை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம். செயின் அதிக டைட்டாக இருந்தாலும், பேரிங் போயிருந்தாலும் அப்படித்தான் சுற்றும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் வண்டிகளில் 125 சிசிக்கு மேற்பட்டவற்றுக்கு ஏபிஎஸ் கட்டாயம். 125 சிசி வரை உள்ளவற்றுக்கு, ஏபிஎஸ் இல்லையென்றால், சிபிஎஸ் என்னும் கூட்டு பிரேக் இருக்க வேண்டும். கூட்டு பிரேக் வண்டியில் பின் பிரேக்கை அழுத்தினால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். எனவே முன் சக்கரம் ஜாம் ஆனால் பின் பிரேக்கின் பெடலும் லிவரும் சரியாகத் திரும்புகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

நோய் எந்த இடத்தில்?

இந்தக் கட்டுரையில் நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்தப் பகுதியைத்தான். பிரேக் ஜாம் ஆனால் பலரும் முதலில் செய்வது பேட் மாற்றுவது. பேட் புதிதாக வந்த பிறகும் ஜாம் தொடர்கிறது. அடுத்து காலிப்பர், அதற்கடுத்து டிஸ்க் என்று பணம் போகிறது. காரணம், வண்டி கடைக்குப் போய்ச் சேரும்போது ஆறிப்போயிருக்கிறது. ஆறியதும் ஆயில் சுருங்கிப் பிரேக் விட்டுவிடுகிறது. மெக்கானிக் சுற்றிப் பார்த்தால் சக்கரம் நன்றாகவே சுற்றும். காய்ச்சல் இறங்கிய பிறகு காட்டினால் வைத்தியர் என்ன செய்வார்?

ஆகவே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும்போதே சோதிக்க வேண்டும். ஒர்க்‌ஷாப் வாசலில் மெக்கானிக்கே வண்டியைச் சூடாக்கி, பிரேக் இழுக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, உடனே சக்கரத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும். சோதனை மேலிருந்து கீழே வர வேண்டும். ஒவ்வோர் இடமாக அழுத்தத்தைத் திறந்துவிட வேண்டும். எந்த இடத்தில் திறந்ததும் சக்கரம் விடுகிறதோ, கோளாறு அந்த இடத்திற்கு மேலே இருக்கிறது.

முதல் சோதனை: லிவரைக் கழற்றுவது. லிவரைக் கழற்றியதும் சக்கரம் விட்டால் குற்றவாளி லிவர்தான். அது மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைச் சற்றே அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அழகுக்காக வாங்கிப் போட்ட வேறு லிவர், கீழே விழுந்து வளைந்த லிவர், கிரீஸ் காய்ந்து துருப்பிடித்த போல்ட் ஆகியவை பொதுவான காரணங்கள். பின் பிரேக்காக இருந்தால் பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இடையிலுள்ள தள்ளு கம்பி நீளமாக வைக்கப்பட்டிருக்கலாம். லிவருக்கும் பிஸ்டனுக்கும் இடையில் சிறிய தொய்வு கட்டாயம் இருக்க வேண்டும். "தொய்வில்லாமல் டைட்டாக வை" என்று நாமே கேட்டு வாங்கும் வியாதி இது.

இரண்டாம் சோதனை: மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் மாட்டியிருக்கும் போல்டைச் சற்றே தளர்த்துவது. சுற்றிலும் துணி வைத்துக்கொள்ள வேண்டும். தளர்த்தியதும் ஆயில் வெளியே வந்து சக்கரம் விட்டால், கோளாறு மாஸ்டர் சிலிண்டருக்குள். திரும்பும் துளை அடைத்திருக்கும், அல்லது ரப்பர் ஊதி, பிஸ்டன் முழுதாகப் பின்னுக்கு வராமல் துளையை மூடியிருக்கும்.

மூன்றாம் சோதனை: மேலே தளர்த்தியும் விடவில்லையென்றால் அந்தப் போல்டை இறுக்கிவிட்டு, காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறப்பது. ஆயில் பீச்சி வந்து சக்கரம் விட்டால், கோளாறு ஹோஸில். பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உப்பி வழி குறுகியிருக்கும். நாம் லிவரை அழுத்தும் பலத்தில் ஆயில் கீழே போய்விடும். திரும்பி வரப் பலமில்லாததால் கீழேயே தங்கிவிடும். ஹோஸை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

மூன்றிலும் விடவில்லையென்றால், அழுத்தம் எதுவும் இல்லை. காலிப்பரோ, பேடோ, டிஸ்கோ இறுகியிருக்கிறது.

ஏபிஎஸ் வண்டியில் நடுவில் ஏபிஎஸ் யூனிட் ஒன்று இருக்கிறது. அதில் இந்தச் சோதனைகளைப் பயிற்சி பெற்ற சர்வீஸ் மெக்கானிக்கே செய்யட்டும். எந்த வண்டியாக இருந்தாலும், போல்டோ நிப்பிளோ திறந்த பிறகு ஏர் எடுத்து, லிவர் கெட்டியாக இருப்பதைப் பார்க்காமல் வண்டியை நகர்த்தக் கூடாது. ஹோஸ் போல்டைக் கழற்றினால் அதன் செம்பு வாஷர்களையும் புதிதாகப் போட வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டர் ஏன் அடைக்கிறது?

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை உடையது. ஆயில் மாற்றாமல் ஆண்டுக் கணக்கில் ஓட்டினால் அது கறுத்து, அடியில் கசடு கட்டும். ஊசி முனைத் துளைக்கு அந்தக் கசடு போதும். துளை திறந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. டப்பாவின் மூடியைத் திறந்துவைத்து லிவரை மிக மெதுவாக, சிறிதளவு மட்டும் இழுத்தால் ஆயிலின் மேற்பரப்பில் சிறு சலனம் தெரியும். எதுவுமே தெரியாவிட்டால் துளையைச் சந்தேகிக்க வேண்டும். முகத்தை நேர் மேலே வைத்துப் பார்க்கக் கூடாது. ஆயில் பீச்சினால் கண்ணில் படும்.

டப்பாவில் ஆயில் அளவுக்கு மேல் இருப்பதும் ஒரு காரணம். பேட் தேயத் தேய டப்பாவில் ஆயில் மட்டம் இறங்குவது இயல்பு. அதைப் பார்த்து மேலே ஊற்றி நிரப்பிவிடுகிறோம். பிறகு புதுப் பேட் போடும்போது காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளினால் அந்த ஆயில் எல்லாம் டப்பாவுக்கு ஏறி விளிம்பு வரை நிறையும். சூட்டில் விரிய இடமிருக்காது. "புதுப் பேட் போட்டதிலிருந்து ஜாம்" என்று சொல்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஆயில் இருக்கக் கூடாது.

மிக மோசமானது தவறான எண்ணெய். எஞ்சின் ஆயில், மண்ணெண்ணெய், பெட்ரோல் இவற்றில் சிறிதளவு உள்ளே போனாலும் ரப்பர்கள் ஊதிவிடும். அப்படி நடந்திருந்தால் கழுவி விடுவது போதாது. எல்லா ரப்பர்களையும் மாற்ற வேண்டியிருக்கும்.

காலிப்பரும் டிஸ்கும்

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களின் வண்டிகள் உறை போட்டபடி மாதக் கணக்கில், சில சமயம் வருடக் கணக்கில் வீட்டில் நிற்கின்றன. விடுமுறையில் வந்ததும் பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டுகிறார்கள். நின்ற வண்டியின் காலிப்பர் பிஸ்டன் அழுக்கும் துருவும் ஏறி இறுகியிருக்கும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். இத்தகைய வண்டிகளைப் பிரேக் பார்க்காமல் ரோட்டில் எடுக்கக் கூடாது.

பல வண்டிகளில் காலிப்பர் இரண்டு ஊசிகளின்மேல் வழுக்கி நகரும்படி அமைந்திருக்கிறது. அவற்றில் கிரீஸ் காய்ந்தால், அல்லது ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் புகுந்தால், காலிப்பர் நகராது. இரண்டு பேடில் ஒன்று அதிகமாகவும் மற்றொன்று குறைவாகவும் தேய்ந்திருந்தாலும், பேட் சாய்வாகத் தேய்ந்திருந்தாலும் இதையே முதலில் சந்தேகியுங்கள். இதற்குப் போடுவது பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கோன் கிரீஸ். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் ரப்பரைக் கெடுக்கும்.

பேட் மாற்றும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிஸ்டனில் பேட் தூளும் மண்ணும் ஒட்டியிருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் உள்ளே தள்ளினால் அழுக்கு சீலுக்குள் போய் பிஸ்டனை இறுக்கிவிடும். சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷும் போதும். துடைத்து, பிறகு தள்ளச் சொல்லுங்கள். சில காலிப்பர்களில் சீல் உட்காரும் பள்ளத்தில் வெள்ளைப் பொடி போல உப்பு பூத்திருக்கும். அது சீலைப் பிதுக்கி பிஸ்டனை நெரிக்கும். பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் புது சீல் போட்டாலும் பயனில்லை.

சக்கரம் முழுச் சுற்றும் ஒரே மாதிரி இறுகாமல், ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இடத்தில் மட்டும் பிடித்து விட்டால் டிஸ்க் வளைந்திருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது லிவர் துடிப்பதும் இதற்கு அடையாளம். பஞ்சருக்காக முன் சக்கரத்தைக் கழற்றி மாட்டிய அன்றிலிருந்து உரசினால் ஆக்சிலைப் பாருங்கள். ஆக்சிலைப் போட்ட பின் முன் ஃபோர்க்கை நாலைந்து முறை அழுத்தி ஆட்டி, அது நேராக உட்கார்ந்த பிறகே பக்கப் போல்டை இறுக்க வேண்டும்.

ஆயிலை அலட்சியம் செய்யாதீர்கள்

டப்பாவின் மூடியிலேயே எந்த ஆயில் என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4. புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய நிலையில் அதற்கு விதிக்கப்பட்ட வரம்பு 155 டிகிரிதான். டாட் 3-க்கு இதே கணக்கு 205-ம் 140-ம். உராய்ந்து ஓடும் பிரேக்கில் இந்த வித்தியாசமே பிரேக் இருப்பதையும் இல்லாமல் போவதையும் தீர்மானிக்கிறது. எனவே இரண்டு வருடத்திற்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள். திறந்து பல மாதங்களான டப்பாவிலிருந்து ஊற்றவிடாதீர்கள். டாட் 5 என்பது சிலிக்கோன் வகை, மற்றவற்றோடு சேராது. பிரேக் ஆயில் பெயின்டை உரித்துவிடும். பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

வழியில் பிடித்துக்கொண்டால்

வண்டி இழுப்பது தெரிந்ததும் ஆக்சிலரேட்டரை முறுக்கி ஓட்டாதீர்கள். ஓரமாக நிறுத்துங்கள். டிஸ்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், திடீர்க் குளிர்ச்சியில் டிஸ்க் வளையலாம். அரை மணி நேரம் ஆற விடுங்கள். ஆறி விட்டாலும் அது குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். மனைவி, பிள்ளைகள் கூட இருந்தால் அவர்களை ஆட்டோவில் அனுப்பிவிட்டு, வண்டியைத் தள்ளியோ குட்டியானையில் ஏற்றியோ ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள்.

சில இடங்களில் நிப்பிளைத் திறந்து கொஞ்சம் ஆயிலை வெளியே விட்டு, "சரியாகிவிட்டது, போங்கள்" என்று அனுப்புவார்கள். சக்கரம் அப்போதைக்கு விடும். ஆனால் அழுத்தம் ஏன் தேங்கியது என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைக்கவில்லை. பேடைத் தேய்த்து மெலிதாக்குவதும் இதே வகைதான்.

கடையில் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: லிவரில் தொய்வு இருக்கிறதா? மேலே தளர்த்தினால் விட்டதா, கீழே தளர்த்தினால் விட்டதா? இரண்டு பேடும் சமமாகத் தேய்ந்திருக்கின்றனவா? ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது? இதற்குப் பதில் சொல்லிவிட்டு வேலை செய்யும் மெக்கானிக்கைக் கண்டால் அவரை விடாதீர்கள்.

இந்த வாரம் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி, வீட்டிலுள்ள வண்டியின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். வண்டி ஓட்டும் மகனையும் மகளையும் பக்கத்தில் நிறுத்திக் காட்டிக் கொடுங்கள். பிரேக் லைட் தானாக எரிகிறதா என்று பின்னால் நின்று பார்க்கும் வேலையைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம்.